தும்மாமல் இறங்கிய வண்டி

நம் லாரி போன வாரம் மலையிலிருந்து பிரேக் இல்லாமல் இறங்கியது. முன்னால் நானும், நீ போன பிறகு நான் வேலைக்கு வைத்த டிரைவர் ஏழுமலையும். பின்னால் சீத்தாப்பழக் கூடைகளோடு மேலூர்ப் பெண்கள் ஒன்பது பேர். யாரும் சாகவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை மெதுவாகச் சொன்னால் போதும்.

வண்டி இப்போது செங்கத்தில் என் கிடங்குக்குப் பின்னால் நிற்கிறது. இன்று காலை கேபினுக்குள் கிடந்த கண்ணாடித் தூளைக் கூட்டப் போனேன். நீ தகடு வெட்டிப் பற்றவைத்தாயே, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி, அதன் மூடி நெளிந்து திறந்திருந்தது. கையை விட்டேன். எண்ணெய்த் துணி, ஒரு ஸ்பானர், அப்புறம் உன் கற்பூரப் பொட்டலம். பிரித்ததும் கற்பூர வாசனையும் டீசல் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறின. எத்தனையோ வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்து முகர்ந்த வாசனை. உன் முகம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வந்தது போன வாரத்து மூன்றாவது வளைவு. அப்படியே வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

பயந்துபோயிருக்கிறேன். இதை என் வீட்டில் சொல்ல முடியாது. கடையில் சொல்ல முடியாது, புளி விலையை இறக்கிக் கேட்பார்கள். உன்னிடம் சொல்லலாம். நீ சிரிப்பாய், ஆனால் விலையை இறக்க மாட்டாய்.

திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் நேற்று ஒரு பஸ் நின்று 'புஸ்ஸ்' என்று காற்றை விட்டது. நான் டீ கிளாஸைக் கீழே போட்டுவிட்டேன். வீட்டில் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலது கால் தரையை அழுத்துகிறது. இல்லாத பிரேக்கைத் தேடுகிறது. எனக்கு வண்டி ஓட்டவே தெரியாது, பார்.

*

அந்த லாரியை வாங்கப் போன நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ பட்டாளத்திலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சந்தவாசல் பக்கம் உன் ஊரில் சும்மா இருந்தால் உடம்பு துருப்பிடிக்கும் என்று என் கடையில் வந்து உட்காருவாய். நான் அப்போது மலைச் சரக்குக்கு அலைந்துகொண்டிருந்தேன். சாமை, புளி, கடுக்காய், சீத்தாப்பழம் எல்லாம் மலைமேல் மேலூரில் கிடந்தது. தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து மேலே போக வண்டி இல்லை. மழை பெய்தால் டிராக்டரே திரும்பி வந்துவிடும். தலைச்சுமையாக எவ்வளவு சரக்கு இறங்கும்?

"பட்டாளத்துல கழிச்ச வண்டி ஒண்ணு எடுத்தா மேலூரு இன்னா, மேகத்துக்கே போவலாம் மொதலாளி," என்றாய். பள்ளிக்கூடத்தில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவன், நான் கடை வைத்த நாளிலிருந்து 'மொதலாளி' என்றுதான் கூப்பிட்டாய். மரியாதை இல்லை, குத்தல். நானும் உன்னை 'மிலிட்டரி' என்று கூப்பிட்டுக் கணக்கைச் சரி செய்துகொண்டேன்.

ஏலத்தில் எடுத்த பட்டாள வண்டிகளை அடுக்கி வைத்திருந்த அந்த மைதானத்தில் நான் விலை பேசிக்கொண்டிருந்தேன். நீ ஒவ்வொரு வண்டிக்கு அடியிலும் ஊர்ந்து போய் வந்தாய். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாய். கடைசியில் ஒரு வண்டிக்கு அடியிலிருந்து வந்தபோது சட்டை கிரீஸ். முகம் மாப்பிள்ளை முகம்.

"இதான்," என்றாய்.

"இன்னா இதான்? பெயிண்ட் பாதி போயிருக்குது."

"பெயிண்டா மலையேறும்? நாலு சக்கரமும் இழுக்கும் மொதலாளி. பின்னாடி ரெண்டு சேத்துல மாட்டுனா முன்னாடி ரெண்டு வெளிய இட்டாரும்."

விற்கிறவன் காதில் விழும்படி சரக்கைப் புகழ்கிற கூட்டாளியை வைத்துக்கொண்டு விலை பேசின ஒரே வியாபாரி நானாகத்தான் இருப்பேன். பாதிப் பணம் நான் போட்டேன், பாதி உன் பட்டாளப் பணம்.

அப்புறம் ஒரு மழைக்காலம் முழுக்க அதைப் பிரித்தாய், சேர்த்தாய். பட்டாளப் பச்சை அடிக்கக் கூடாது என்றதால் செம்மண் நிறம் அடித்தோம். பட்டாள அம்புக்குறி போட்ட பழைய நம்பர் பலகையைக் கழற்றிப் புது நம்பர் வாங்க நான் ஆபீஸ் ஆபீஸாக நடந்தேன். கூரைக்கம்பிகளை வெட்டி எடுத்துவிட்டுப் பக்கப் பலகையை உயர்த்தினாய். பாகம் கிடைக்காதபோது பழைய இரும்புக் கடைகளில் குந்திக்கொண்டு, எந்தெந்த வண்டியிலிருந்தோ கழற்றியதை ராவிப் பொருத்தினாய். எல்லாவற்றுக்கும் மேலே முன்னால் ஒரு பம்பர் வைத்தாய். ரயில் தண்டவாளத் துண்டு! அதைத் தூக்க நாலு ஆள் வேண்டியிருந்தது.

"யோவ் மிலிட்டரி, அது இன்னா எடை தெரியுமா? அந்த எடைக்கு ரெண்டு மூட்ட புளி ஏத்தலாம்யா," என்று கத்தினேன்.

"ஏத்தலாம். எறக்க முடியாது," என்றாய். "ஏத்தறது எஞ்சின் வேல. எறக்கறதுதான் டிரைவர் வேல. பிரேக் போச்சின்னா நான் பள்ளத்துல வுடுவேனா? மலைல சாத்துவேன். சாத்தறதுக்கு ஒரு மூஞ்சி வோணும்ல வண்டிக்கு?"

பிரேக் போகுமா என்று கேட்டேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பிலேயே நான் அந்த வண்டிக்குப் பயந்தவன் ஆகிவிட்டேன்.

*

ஏறும்போது எனக்கு ஒன்றும் இல்லை. சரக்கோடு இறங்கும்போதுதான். இடது பக்கம் மலை, வலது பக்கம் காற்று. நீ பீடியை வாயில் வைத்துக்கொண்டு, வலது முழங்கையைக் காற்றுப் பக்கம் நீட்டிக்கொண்டு ஓட்டுவாய். நான் கதவுக் கைப்பிடியை விட்டதே இல்லை. ஏதாவது என்றால் குதித்துவிடலாம் என்று ஒரு கணக்கு.

"இன்னா மொதலாளி, நீ கதவ புடிச்சிக்கினு வர்றியா, கதவு உன்ன புடிச்சிக்கினு வருதா?"

பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள் காதுக்கு அது போகும்படி கத்தித்தான் கேட்பாய். அவர்கள் சிரிப்பார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது தப்பு என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் சீத்தாப்பழத்துக்கு அது தெரியாதே. பறித்த மறுநாள் தோலில் கண் விரிந்து பழுத்துவிடும், அதற்கு மறுநாள் கூழ். பழத்தோடு ஆளும் இறங்கிச் செங்கத்தில் அன்றைக்கே விற்றுவிட்டுப் போனால்தான் அவர்களுக்குக் காசு. மேலூருக்கு வருகிற வண்டி நம்முடையது ஒன்றுதான்.

மேலூர் மண் ரோடு முடிந்து இறக்கம் தொடங்குகிற இடத்தில் முனீஸ்வரன் கல் இருக்கிறதே, அங்கே நிறுத்துவாய். ஒருநாள்கூட நிறுத்தாமல் போனதில்லை. எஞ்சினை அணைக்காமல் இறங்கி, கல்லின் மேல் கற்பூரம் ஏற்றுவாய். கைகட்டி நிற்பாய். கும்பிடக்கூட மாட்டாய், சும்மா நிற்பாய். வண்டி உறுமிக்கொண்டே இருக்கும். எனக்கு வயிறு எரியும்.

"மிலிட்டரி, சாமி கும்புடறதுக்கு எதுக்கோசரம் எஞ்சினு? டீசல் ஒங்கப்பன் வூட்டுதா?"

"சாமிக்கு டைம் குடு மொதலாளி."

கொஞ்ச நேரத்தில் வண்டிக்கு அடியிலிருந்து 'புஸ்ஸ்' என்று ஒரு பெரிய தும்மல் வரும். நிஜமாகவே தும்மல் மாதிரித்தான் இருக்கும், முதல் நாள் ஒரு கூடைக்காரி பயந்து பின்பலகையைத் தாண்டிக் குதித்துவிட்டாள். அது கேட்டதும் நீ வந்து ஏறுவாய். அதற்கு முன்னால் யார் கத்தினாலும் ஏற மாட்டாய்.

மேலூர்ப் பெண்களுக்கு அது பிடிக்கவில்லை. புறப்படும்போது தும்மினால் நம் ஊர்களில் என்ன செய்வார்கள்? வீட்டுக்குள் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார்கள். இந்த வண்டியோ ஒவ்வொரு தடவையும் இறக்கத்துக்கு முன்னால் தும்மியது. அவர்களுக்குத் தலைவி மாதிரி இருக்கிற சாலம்மா கேட்டே விட்டாள்.

"யோவ் மிலிட்டரி, கெளம்பறப்போ தும்முதே ஒன் வண்டி, வௌங்குமா?"

"ஆளு தும்முனாதாம்மா ஆவாது. வண்டி தும்முனா மேல இருக்கறவரு ஆர்டர் போட்டாருன்னு அர்த்தம். தும்மாத வண்டில ஏறாதே."

எல்லாரும் சிரித்தோம். நானும்தான். பட்டாளத்தான் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

*

நீ செத்தது மலையிலும் இல்லை, வண்டியிலும் இல்லை. அடுத்தவன் ஓட்டுகிற வண்டியில் கண்ணை மூட மாட்டேன் என்று சொன்னவன், போளூர் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே போய்விட்டாய். கண்டக்டர் தூங்குகிறாய் என்று நினைத்து இரண்டு நிறுத்தம் தாண்டி எழுப்பினாராம்.

உன் காரியமெல்லாம் முடிந்த பிறகு ஏழுமலையை வைத்தேன். டிப்பர் ஓட்டினவன், நல்ல கை. வருஷா வருஷம் மாலை போடுகிறவன், குடி கிடையாது. முனீஸ்வரன் கல்லில் நிறுத்த வேண்டும் என்று சொன்னேன். சொல்லாமலே நிறுத்தியிருப்பான், அப்படிப்பட்ட பக்தி. முதல் நாளே கல்லுக்கு முன்னால் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான்.

"சாமி எதிர்க்க வண்டிய உறும வுட்டுக்கினு நிக்கிறது நல்லாவா இருக்குது? செருப்ப வுட்டுட்டுப் போறோம், எஞ்சின மட்டும் ஓட வுட்டுக்கினு போறதாண்ணா?"

எனக்கு அவன் பேச்சு ரொம்பப் பிடித்தது. பக்திக்குப் பக்தி, டீசலுக்கு டீசல். கோடை முழுக்கப் புளி மூட்டைகளோடு அப்படியே இறங்கினோம். சட்டென்று ஒரு கற்பூரம், சட்டென்று ஒரு கும்பிடு, எடு வண்டியை. ஒன்றும் ஆகவில்லை. வண்டி தும்முவது நின்றுபோனதை நான் கவனிக்கவே இல்லை. சாலம்மா கவனித்தாள். "மிலிட்டரியோட அந்தத் தும்மலும் போச்சி, நல்லதாப் போச்சி," என்றாள்.

போன வாரம் தூறல். தீப்பெட்டி நமத்துவிட்டது. ஏழுமலை ஒவ்வொரு குச்சியாக உரசுகிறான், பற்றவில்லை. பெண்களும் இறங்கிவிட்டார்கள். ஒருத்தி சேலை முந்தானையை விரித்து மழையை மறைத்தாள், ஒருத்தி வேறு தீப்பெட்டி தேடினாள். "ஏத்தாம போவ வேணாம்ண்ணா," என்றான் ஏழுமலை. எனக்கும் ஏற்றாமல் போக மனசு வரவில்லை. கடைசியில் பற்றியது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஏறினார்கள். அவ்வளவு நேரமும் எஞ்சின் அணைந்துதான் இருந்தது.

ஏழுமலை ஸ்டார்ட் பண்ணி உடனே எடுத்தான். பின்னாலிருந்து சாலம்மா பலகையைத் தட்டிக் கத்தினாள்: "இன்னிக்கும் தும்மல! நல்ல நேரந்தான், போலாம் போலாம்!"

முதல் வளைவில் வண்டி வழக்கத்தைவிடக் கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பியது. ஈரம் என்று நினைத்தேன். இரண்டாவது வளைவில் ஏழுமலையின் காலைப் பார்த்தேன். பெடலை மிதித்தான், அது கோணி மூட்டையை மிதித்த மாதிரி உள்ளே போனது. மறுபடி மிதித்தான். மிதிக்க மிதிக்க இருந்ததும் போனது. அவன் உதடு சரணம் சொன்னது.

ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். கருகல் வாடை வந்தது, வேகம் குறையவில்லை. கியரைக் குறைக்கப் பார்த்தான். 'கரகர' என்று ஒரு சத்தம், பிறகு சத்தமே இல்லை. அந்தச் சத்தம் இல்லாததுதான், மிலிட்டரி, இன்னும் என் காதில் இருக்கிறது. கியர் விழாமல் எஞ்சின் பிடி விட்டுப்போய் வண்டி தன் பாட்டுக்கு உருண்டது. கூடைகள் சரிகிற சத்தம் கேட்டது. பின்னால் யாரும் கத்தவில்லை, அவர்களுக்கு இன்னும் தெரியவில்லை. யாரோ ஒருத்தி எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வளைவு வந்தது. ஏழுமலையின் தோளுக்கு அப்பால் பார்த்தேன். ரோடு இல்லை. கீழே மேகம். மேகம் கிழிந்த இடத்தில் செங்கம் பக்கத்து வயல்கள் கட்டம் கட்டமாக, சின்னச் சின்னதாக.

என் கை கைப்பிடியைத் திருகிவிட்டது. கதவு விரற்கடை அளவு திறந்துவிட்டது. குதித்திருப்பேன். என் பிள்ளைகள் மேல் ஆணை, பின்னால் ஒன்பது பேர் இருக்கிறார்கள் என்ற நினைப்பே அந்த நொடியில் எனக்கு இல்லை. அப்போது ஒருவன் கத்தினான்.

"மலைல சாத்துரா! பள்ளத்த பாக்காதே, மலைல சாத்து!"

கத்தியது நான்தான். பேச்சு உன்னுடையது.

ஏழுமலை ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தான். உன் தண்டவாளம் மலையில் பாய்ந்தது. மண், கல், வேர், எல்லாம் உடைந்த கண்ணாடி வழியாக மடியில் வந்து விழுந்தது. நான் திறந்த கதவு படீரென்று உள்ளே மடங்கி என் விலாவில் குத்தியது. குதித்திருந்தால் வண்டிக்கும் மலைக்கும் நடுவில் நான் சாமை மாவு. வண்டி மலையை உரசிக்கொண்டே போய், இடது சக்கரம் ஓரத்து மழைநீர்க் கால்வாயில் விழுந்து, ஒரு குலுக்கலில் நின்றது.

அப்புறம்தான் பின்னால் கத்தினார்கள்.

சாலம்மாவுக்கு மணிக்கட்டு ஒடிந்தது. ஒருத்திக்கு முன்பல் போனது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. பழமெல்லாம் நசுங்கி ரோடு முழுக்க வெள்ளைக் கூழ், கறுப்பு விதை. அந்த இனிப்பு வாடையும் பிரேக் கருகின வாடையும் கலந்து வந்ததே, நான் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன். திரும்பிப் பார்த்தபோது வண்டியின் இடது பக்கம் முழுக்கச் செம்மண் பெயிண்ட் உரிந்து, அடியில் பட்டாளப் பச்சை தெரிந்தது.

*

ஆஸ்பத்திரியிலிருந்து உன் வீட்டுக்குப் போன் போட்டேன். நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற உன் மனைவிக்குத்தான் இப்போது பாதி வண்டி, சொல்லியாக வேண்டும். "வண்டி மலைல மோதிடிச்சிம்மா, பிரேக் நிக்கல," என்றேன். யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பாள் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"தும்முச்சாங்கண்ணா?" என்றாள் உன் மனைவி.

எனக்கு முதலில் புரியவில்லை. அவள்தான் சொன்னாள். காற்றுத் தொட்டி நிறைந்தால்தான் அந்த வால்வு மிச்சக் காற்றைத் துப்பும். அந்த வண்டி காற்றால் பிரேக் பிடிக்கிற வண்டி. எங்கோ ஒரு கசிவு, சோப்புத் தண்ணீர் தடவித் தடவிப் பார்த்தும் உன்னால் கண்டுபிடிக்க முடியாத கசிவு. எஞ்சின் அணைந்து நின்றால் தொட்டி காலியாகிக்கொண்டே இருக்கும். காற்று அளவு காட்டுகிற முள் செத்து வருஷமாகிறது. காற்று குறைந்தால் கத்த வேண்டிய மணி, ஓயாமல் கத்துகிறது என்று நீயே ஒயரைப் பிடுங்கிவிட்டாய். "காது இருக்குது, முள்ளு எதுக்குன்னு சொல்வாருண்ணா," என்றாள்.

ஆக, கற்பூரம் ஏற்றி நீ நின்றது காற்றுக்காக. சாமிக்கு டைம் கொடு என்றது தொட்டிக்கு டைம். வீட்டில் சோறு போடும்போது பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறாய், பக்கத்து சீட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னிடம் சொல்லவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் அன்றைக்கே அதை இரும்பு விலைக்குத் தள்ளியிருப்பேன். என் பயம் உனக்கு நன்றாகத் தெரியும்.

கோபமாக இருக்கிறது, மிலிட்டரி. செத்தவன் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள், நான் படுகிறேன். உன் காதையே ஒரு பாகமாகப் போட்டு வண்டி கட்டியிருக்கிறாய். போகும்போது அதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டாய். நாங்கள் உன் கற்பூரத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டோம்.

ஆனால் அந்தத் தண்டவாளத்தையும் நீதான் வைத்தாய். அதை நினைக்கும்போது கோபம் பாதியில் நின்றுவிடுகிறது.

வண்டியைக் கால்வாயிலிருந்து தூக்கிய அன்றே சமதரையில் நிறுத்தி ஏழுமலையை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். மலையில் மோதியும் காற்றுக் குழாய்களுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. இரண்டு பேரும் காதைக் கொடுத்து நின்றோம். உறுமியது, உறுமியது, எனக்குக் கழுத்தெல்லாம் வேர்வை. ஒரு கற்பூரம் எரிந்து அணைகிற நேரம் தாராளமாக ஆனது. பிறகு 'புஸ்ஸ்'. ஏழுமலை வண்டியின் பக்கம் திரும்பிக் கும்பிட்டான். எனக்கும் கை தானாகக் குவிந்தது.

*

விற்றுவிடுவது என்று முடிவு பண்ணினேன். திருப்பத்தூரிலிருந்து பழைய இரும்பு எடுக்கிறவர் வந்தார். பம்பரைத் தட்டிப் பார்த்தார், விலை சொன்னார், நியாயமான விலைதான். நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பினேன்.

மறுநாள் அவருக்கு முன்னால் சாலம்மா வந்துவிட்டாள். கையில் மாவுக்கட்டு, தொட்டில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தாள். கூட நாலு பேர். நடந்தே இறங்கி, கீழ் ரோட்டில் பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள். நானே சொல்லியனுப்பியிருந்ததால் உன் மனைவியும் கடைக்குள் உட்கார்ந்திருந்தாள்.

"வண்டி எப்போ வரும் யாவாரி?" என்றாள் சாலம்மா.

"வராது. குடுத்துடப் போறேன்."

"இன்னாத்துக்கு?"

"பயமா இருக்குதும்மா," என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது.

சாலம்மா கட்டுப்போட்ட கையை என் மூக்குக்கு நேரே தூக்கிக் காட்டினாள். "கை ஒடஞ்சது எனுக்கு. பயம் ஒனுக்கா? மரத்துல பழம் கண்ணு வுட்டுக்கினு நிக்குது. ஒன் பயம் தெளியற வரிக்கும் அது தொங்குமா?"

"ஏம்மா, மறுபடியும் அதே வண்டில ஏறுவியா நீ?"

"ஏற மாட்டேன்," என்றாள் பட்டென்று. "நீ மொதல்ல ஏறு. நீ பக்கத்துல குந்திக்கினு வந்தா ஏறுவேன். ஒனுக்குத்தான் சாவறதுக்கு எங்க எல்லாத்தையும் வுட அதிகமா பயம். நீ குந்துனா வண்டி ஒழுங்கா இருக்குதுன்னு அர்த்தம்."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். உன் மனைவி சிரிக்கவில்லை. "அவரும் இதயேதாங்கண்ணா சொல்வாரு," என்றாள். "மொதலாளி கதவ புடிச்சிக்கினு வர்ற வரிக்கும் ஸ்டியரிங்குல எனக்குத் தூக்கம் வராதுன்னு. அண்ணன் இல்லாத அன்னிக்கு கொஞ்சம் வெரசா வுட்டுடுவேன்னு அவரே சொல்லியிருக்காரு."

அதை நீ என்னிடம் சொன்னதில்லை. கேலி மட்டும்தான் என் பங்குக்கு வந்தது.

இரும்புக்காரருக்குப் போன் பண்ணி வர வேண்டாம் என்று சொன்னேன். தைரியம் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. இதை எழுதும்போதே வலது கால் பிரேக்கைத் தேடுகிறது. உன் கற்பூரப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டிருக்கிறேன், குனியும்போதெல்லாம் வாசனை வருகிறது, வரும்போதெல்லாம் அந்த வளைவும் கூடவே வருகிறது. வரட்டும் என்று விட்டிருக்கிறேன். உன் காது போய்விட்டது, என் பயம்தான் மிச்சம் இருக்கிறது. இனி அந்த வண்டி இதை வைத்துத்தான் இறங்க வேண்டும்.

மெக்கானிக் அந்தக் கசிவைக் கண்டுபிடித்துவிட்டேன் என்கிறார். உன்னால் முடியாதது அவரால் முடிந்ததா என்று எனக்குச் சந்தேகம். அதனால் கசிவு இருக்கிறது என்று வைத்துக்கொண்டே பேசினோம். அன்று கடையில் ஒப்புக்கொண்டது இது. உன் பாதிப் பங்கு தங்கச்சியிடமே இருக்கும். புது முள்ளும், ஒயர் பிடுங்காத மணியும் என் செலவு. தண்டவாளத்தைக் கழற்றக் கூடாது. பின்னால் கூடை மட்டும், ஆள் கிடையாது. முறை வைத்து இரண்டு பெண்கள் கேபினில் வருவார்கள், எல்லார் பழத்தையும் அவர்களே விற்பார்கள். கதவோர சீட்டு, பழம் தீருகிற வரைக்கும், ஒவ்வொரு இறக்கத்துக்கும் என்னுடையது. முனீஸ்வரன் கல்லில் எஞ்சினை அணைக்காமல் கற்பூரம். வாடகை கூடைக்கு இருபது ரூபாய். தும்மாமல் வண்டி நகர்ந்தால் அன்றைக்கு வாடகை இல்லை.